ஆலைத் தொழிலாளரும் டாக்டர் நாயரும்

மருத்துவத் தொழிலினின்று அரசியலுட் புகுந்தாருள் டாக்டர் டி. எம். நாயர் குறிப்பிடத்தக்கவர். மலையாள நாட்டுத் திரூரைச் சேர்ந்த இவர், சென்னையிலும் எடின்பரோவிலும் கற்றுக் காது, தொண்டை நோய்களில் வல்லுநரானார். சென்னை நகராண்மைக் கழகத்திலும் உறுப்பினராயிருந்தார்.

1907 இல் இந்திய அரசு ஆலைத் தொழிலாளர் நிலையை ஆராய அமைத்த குழுவில் இவரும் இடம்பெற்றார். மின்விளக்கு வந்தபின் ஆலைகள் சிலவற்றில் வேலைநேரம் 14, 15 மணியாக நீண்டிருந்தது. வளர்ந்த ஆடவர்க்குச் சட்டவரம்பு வேண்டாவென்றனர் ஏனையோர். நாயர் ஒருவரே மாறுபட்டு, 12 மணிக்கு மேற்படலாகாதென எழுதினார். நமக்கு அதுவுங் கொடுமையே. எனினும், உடலின் தளர்ச்சியறிந்த மருத்துவரது தனிக்குரலே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தில், நெசவாலை ஆடவரளவில், நிலைபெற்றது.

காங்கிரசிலிருந்து விலகிய அவர், 1916 இல் தியாகராய செட்டியார் முதலியோருடன் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மக்கள் அதனை நீதிக்கட்சியென்றே வழங்கினர். பிராமணரல்லாதார்க்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டி இலண்டன் சென்ற நாயர், பாராளுமன்றக் குழுமுன் சான்று கூறுமுன்னரே 1919 சூலை 17 இல் ஆங்கு உயிர்நீத்தார்.