மோட்டார் கருவிகளின் சர்க்யூட் பலகைக்கு ஏற்ற பூச்சு

மூன்று பேஸ்களில் ஒன்று தவறினால் கிணற்று மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவிகளிலும், சூரிய சக்திப் பம்புகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் மின்னணுச் சர்க்யூட் பலகை அமைந்துள்ளது. அதன் செம்புக் கோடுகள் மிக மெல்லியவை. பம்பு அறையின் ஈரமும் புழுதியும் சேர்ந்தால் கோடுகளுக்கிடையே மின்சாரம் கசியும். நாளடைவில் களிம்பேறிக் கோடு அறுந்துபோம். கதிர் வாங்கும் சமயத்தில் கருவி நின்றால், நஷ்டம் பலகையின் விலையோடு நில்லாது. ஆதலின் பூச்சில்லாத பலகைக்குப் பூச்சிடுவது நலம். ஆயினும் கையில் அகப்பட்டதைப் பூசுதல் கேடாம்.

ஜன்னல் இடுக்குகளை அடைக்க விற்கும் சிலிக்கோன் பசைகளிற் பல, இறுகும்போது காடி வாசனை வீசும். அவ்வாசனை அசிடிக் அமிலத்தினுடையது. அது செம்பை அரிக்கும். மூடிய பெட்டிக்குள் தீங்கு அதிகம். சிலிக்கோனே வேண்டுமாயின், மின்னணுப் பலகைகளுக்கென்று குறித்து விற்கப்படும் ஆல்காக்ஸி வகையைக் கேட்டு வாங்குக. ‘நியூட்ரல்’ என்று மட்டும் எழுதியிருத்தல் போதாது. அவற்றுள் ஆக்ஸைம் வகை செம்பைக் கெடுக்கக்கூடும்.

ஏனைய வகைகளின் குணங்கள் வருமாறு:

1. அக்ரிலிக்: விரைவில் உலரும்; பழுது பார்க்கும்போது கரைப்பானால் நீக்கலாம். பெரும்பாலோர்க்கு இதுவே ஏற்றது.

2. யூரிதேன்: ரசாயனங்களை நன்கு தாங்கும், நீக்குதல் கடினம். சிலவற்றிலுள்ள ஐசோசயனேட் சுவாசத்திற்குத் தீங்கு செய்யும்.

3. எபாக்ஸி: கல்போல் இறுகும், பின்னர்ப் பழுது பார்ப்பது மிக அரிது.

பூசும் முறை: வேலையைத் தேர்ந்த மின் தொழிலாளியிடம் ஒப்படைத்தல் உசிதம். உத்தரவாத காலம் முடியாத பெட்டியைத் திறக்குமுன் விற்றவரைக் கேட்டறிக. மின்சாரத்தை மெயினில் நிறுத்தி, கபாசிட்டர்களில் தங்கிய மின்சாரம் முற்றும் இறங்கியதைச் சோதித்தறிக. பலகையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலர்த்துக; ஈரத்தின்மேற் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ரிலே, ஸ்விட்ச், இணைப்பு முனைகள், சூடு தணிக்கும் தகடு ஆகியவற்றில் படாதவாறு நாடாவால் மறைக்க. அக்ரிலிக் பூச்சின் கனம் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை இருத்தல் வழக்கம். கரைப்பானின் ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்திற் பூசுக, அருகில் பீடி பற்றவைத்தலாகாது. டப்பியிற் கண்ட காலம் முழுதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் செலுத்துக.

பூச்சிட்டாலும், கூரை ஒழுக்கை அடைத்தலும், உர மூட்டைகளைப் பம்பு அறையில் அடுக்காதிருத்தலும் அவசியமே. குடிநீர்ப் பம்புகளைக் கண்காணிக்கும் கிராம அதிகாரிகளும் இவற்றைக் கவனிப்பார்களாக.