நெல்லின் இலைக் கருகலுக்கு வேப்பங்கொட்டைச் சாறு

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைக் கடந்து செங்கம் சாலை வழியாகவும் கிரிவலப் பாதை வழியாகவும் செல்வோர் வேப்ப மரங்களைக் காணலாம். ஆனி, ஆடி மாதங்களில் பழங்கள் உதிர்ந்து மிதிபட்டு வீணாகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் கருகத் தொடங்கியதும் உழவர்கள் மருந்துக் கடைக்கு விரைகின்றனர். மூன்று நான்கு மாதங்களுக்கு முன் காலடியில் கிடந்த கொட்டை இதற்கு உதவும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

கசப்பில் உள்ள பொருள்கள்

வேப்பங்குச்சியால் பல் துலக்குவதும், புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுவதும் நம் முன்னோர் கண்ட முறைகள். 1942-ஆம் ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியல் அறிஞர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்னும் கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1992-இல் பாக்டீரியாவை அடக்கும் மஹ்மூதின் என்னும் பொருள் அதே எண்ணெயில் கண்டறியப்பட்டது. இலையிலுள்ள நிம்போலைடுக்கும் இத்தன்மை உண்டு. 1968-இல் பிரிக்கப்பட்ட அசாடிராக்டின் வேறு வகை. அது பூச்சிகள் உண்பதையும் வளர்வதையும் தடுப்பது.

நோயை அறிவது எப்படி?

பாக்டீரியா இலைக் கருகல் நோய் இலையின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கும். அங்குள்ள நீர்த் துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் பாக்டீரியா நுழைவதே காரணம். ஓரம் அலை போல மஞ்சளாகிப் பின் வைக்கோல் நிறமாகும். ஐயம் இருப்பின், நோயுற்ற இலையில் ஓர் அங்குலத் துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு இறங்கினால் இந்நோயே. இறங்காவிட்டால் சத்துக் குறைவோ வேறு நோயோ என்று பார்க்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் மருந்து ஏன் வேண்டாம்?

ஸ்டிரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலந்த பொடியைத் தெளிப்பது பல காலமாக வழக்கத்தில் உள்ளது. இவை மனிதரின் நோய்க்கும் தரப்படும் மருந்துகள். ஸ்டிரெப்டோமைசின் காசநோயை எதிர்க்க வந்த முதல் மருந்து. வயலில் திரும்பத் திரும்பத் தெளித்தால் அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகும். பிறகு பயிருக்கும் பயன்படாது, மருத்துவருக்கும் கைகொடுக்காது. இதனாலேயே 2021 டிசம்பரில் மத்திய அரசு இவற்றை வேளாண்மையில் தடை செய்வதற்கான வரைவு ஆணையை வெளியிட்டது.

சாறு தயாரிக்கும் முறை

பழுத்து உதிர்ந்த பழங்களைச் சேகரித்துச் சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்குப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டை வேண்டாம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்க 10 கிலோ பருப்பு தேவை. பருப்பை இடித்து 20 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் பால் நிறம் வரும்வரை மரக்கட்டையால் கலக்கி, இரட்டைத் துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்குங்கள். கூழாகக் கரைத்த காதி சோப்பைச் சேர்த்தால் சாறு இலையில் ஒட்டும். இது 5 சதச் சாறு. அன்றே பயன்படுத்துங்கள். வெயிலில் இப்பொருள்கள் சிதையுமாதலால் மாலை மூன்றரை மணிக்குப் பின் தெளிப்பது நன்று.

எதிர்பார்க்க வேண்டியது

சாறு தெளித்தால் கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. பாக்டீரியா இலையின் நீர்க் குழாய்களுக்குள் பெருகிய பின் மேலே தெளித்தது உள்ளே எட்டாது. மழையும் சாற்றைக் கழுவிவிடும். ஆகவே முதல் அறிகுறி கண்டவுடன் தெளித்து, தேவைப்பட்டால் பதினைந்து நாள் கழித்து மீண்டும் தெளிக்க வேண்டும். வயல் முழுதும் கருகிய பின் தெளிப்பது கூலிச் செலவுதான்.

உடன் செய்ய வேண்டியவை

* நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். காயமே நோய்க்கு வாசல்.
* தழைச்சத்தை ஒரே தடவையாக இடாமல் பிரித்து இடுங்கள். நோய் கண்டால் மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள்.
* சாம்பல் சத்தைக் குறைக்காதீர்கள்.
* நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள்.
* நோய் அடிக்கடி வரும் வயலில் எதிர்ப்புத் திறனுள்ள இரகத்தை நடுங்கள்.

கார்த்திகையில் தேவைப்படும் மருந்தை ஆனியில்தான் சேர்க்க முடியும். வரும் பருவத்தில் வரப்பு வேம்பின் அடியைப் பெருக்கிச் சுத்தமாக்கி வையுங்கள். ஓர் ஏக்கருக்கு வேண்டிய 10 கிலோ பருப்பை வீட்டாரே சேர்த்துவிடலாம்.