காதும் சிறுநீரகமும்

காது மந்தமானால் காதைச் சோதிப்பதே முறை என்று நாம் எண்ணுகிறோம். பண்டைச் சீன மருத்துவர்களோ சிறுநீரகத்தையும் விசாரித்தனர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பெற்ற 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்னும் மருத்துவ நூல், சிறுநீரகத்தின் வாயில் காது என்று கொள்கிறது. முதுமையில் செவி மங்குவதும் சிறுநீரகத்தின் சக்தி குன்றுவதாலேயே என்று அவர்கள் கருதினர். அவர்கள் சிறுநீரகம் என்றது உறுப்பை மட்டுமன்று. வளர்ச்சியையும் மூப்பையும் ஆளும் ஆற்றலையும் அச்சொல்லில் அடக்கினர்.

இதனை வெறுங் கற்பனை என்று ஒதுக்குவதற்கில்லை. சிறுநீரக நோயும் செவிட்டுத்தன்மையும் ஒரே குடும்பத்தில் தலைமுறை தோறும் சேர்ந்து வருவதை 1927ஆம் ஆண்டில் ஆர்தர் செசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் விவரித்தார். ஈருறுப்புகளின் நுண்சவ்வுகளையும் தாங்கும் கொல்லாஜன் என்ற புரதம் பழுதுபடுவதே அதன் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஸ்ட்ரெப்டோமைசின், ஜெண்டாமைசின் முதலிய மருந்துகளும் உட்செவி, சிறுநீரகம் ஆகிய இரண்டையுமே தாக்கவல்லன.

ஆயினும், உறவு மெய் என்பதனாலேயே மருந்தும் நன்று என்று முடிவு கட்டலாகாது. காதிரைச்சலுக்குச் சீனத்தில் நெடுங்காலம் வழங்கிய 'லோங்டான் ஷியெகான்' என்னும் குளிகையே இதற்குச் சான்று. அதில் சேர்க்க வேண்டிய மூலிகைக்கு மாற்றாக, 'குவான் முதோங்' என்ற வேறொரு கொடி பிற்காலத்தில் வழக்கிற்கு வந்தது. அக்கொடியிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பது, புற்றுநோயும் விளைப்பது. உண்டவர் சிலர் சிறுநீரகம் பழுதுற்றனர். 2003ஆம் ஆண்டில் சீன அரசு அக்கொடியை மருந்துகளில் சேர்த்தலாகாது என விலக்கியது. காதுக்காக உண்ட மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்தது! பழைய நூலின் நுண்ணறிவு வேறு. கடையில் விற்கும் குளிகையின் தகுதி வேறு.

நம் அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டுவன சில. சிறுநீரக நோயுள்ளோர் ஊசி மருந்து ஏற்குமுன் அந்நோயை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். மருந்து உண்ணுங்கால் காதில் இரைச்சல் தோன்றின் உடனே தெரிவித்தல் வேண்டும். திடீரென ஒரு காது கேளாமற் போயின், தாமதம் கூடாது. சில நாட்களுக்குள் செய்யும் சிகிச்சையே பெரிதும் பயன்படும். விசைத்தறிகளின் ஓயாத பேரோசையில் வேலை செய்வோர் காதடைப்பான் அணிதல் நலம். ஓசையால் அழிந்த உட்செவி அணுக்கள் மீண்டும் தோன்றுவதில்லை. அவற்றை மீட்கும் மூலிகையும் இதுகாறும் கண்டறியப்படவில்லை.

பழமையைப் போற்றுவோம், உண்ணுமுன் சோதித்தறிவோம்.