மாரி மழையை அளத்தல்

மழைத்துளிகளிற் பட்டு மீளும் வானொலி அலைகளைக் கொண்டு, புயல்மழை பெய்யுமிடத்தையும் அதன் வலிமையையும் இராடார் காட்டும். ஆயினும் மலைகள் அவ்வலைகளை மறிப்பதால், கண்டிப் பகுதிக் கமக்காரர் மழைமானியைக் கைவிடலாகாது. கட்டுகஸ்தோட்டை வானிலை நிலையத்தின் அளவு ஹந்தானைச் சரிவிலுள்ள தோட்டத்திற்குப் பொருந்தாமற் போகலாம்.

ஒரு சாணுக்கு மேல் உயரமும் நேரான சுவரும் தட்டையான அடியுமுள்ள தகரப் பேணியை, மரநிழலில்லா வெளியில் அசையாது நிறுத்துக. காலை 8.30 மணிக்கு நீரின் ஆழத்தை அளந்து குறித்தபின் ஊற்றிவிடுக. ஒரு மில்லிமீற்றர் மழை ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 இலீற்றர் நீராகும். வாய்க்கால் வெட்டவும் பசளையிடும் நாளைத் தெரியவும் இக்கணக்கு உதவும்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கண்டால், சரிவில் வாழ்வோர் மண்சரிவு குறித்து விழிப்பாயிருத்தல் வேண்டும். 150 எனின் வெளியேறுதல் வேண்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகளாற் பலர் மாண்டனர். பெருமழை நாளிற் காலைவரை காத்திராது, மணிக்கொருமுறை பேணியைப் பார்க்க.