சூரியனில் வெடிப்பு, கனடாவில் மின்வெட்டு

கடையில் கரண்ட் போனால் நாம் திட்டுவது லைன்மேனைத்தான். சூரியனைத் திட்ட வேண்டிய நாளும் ஒன்று இருந்தது. 1989 மார்ச் 13 அதிகாலை 2.44 மணிக்கு, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின் அமைப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்தது. சுமார் 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரம் இல்லை. அங்கே மார்ச்சிலும் கடுங்குளிர்; பிரிட்ஜில் உள்ள சரக்கு கெடுவதை விட, வீட்டைச் சூடாக்க வழியில்லாததே பெரும்பாடு.

இதற்குச் சில நாள் முன்பிருந்தே சூரியனில் வெடிப்புகள் நிகழ்ந்தன. மார்ச் 10-ல் ஒன்று மிகப் பெரியது. வெடிப்பின் ஒளியும் எக்ஸ் கதிரும் 8 நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். சிற்றலை வானொலியைக் கெடுக்கும். ஆனால் பூமியின் காந்தப் புலத்தை அவ்வளவாக அசைக்காது. அசைப்பது பின்னால் வருவதுதான். மண்டியில் சரக்கு ஏற்றியாயிற்று என்ற தகவல் போனில் உடனே வருகிறது. லாரி வர இரண்டு நாள் ஆகிறது அல்லவா? அதுபோல, சூரியன் வீசியெறியும் நூறு கோடி டன் அளவிலான மின்னேற்றத் துகள்கள் ஒன்று முதல் மூன்று நாட்களில் வந்து சேரும். லாரி நம் பக்கமே வராமலும் போகலாம். வந்தாலும், அது சுமந்து வரும் காந்தப் புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே இறக்கும். வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும்.

உள்ளே இறங்கியதும் பூமியின் காந்தப் புலம் ஆடுகிறது. காந்தப் புலம் மாறினால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். நம் கடை ஜெனரேட்டர் ஓடுவதும் இதே விதிப்படிதான். கியூபெக் நிலம் பாறை. அதில் மின்சாரம் எளிதில் பாயாது. ஆகவே அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட உயர் அழுத்தக் கம்பிகளில் புகுந்தது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ட்ரிப் ஆயின.

தமிழகம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், துருவத்தை ஒட்டிய நாடுகளுக்குள்ள அளவு ஆபத்து நமக்கு இல்லை. ஜி.பி.எஸ். மட்டும் குழம்பலாம். 2024 மே மாதப் புயலில் அமெரிக்க விவசாயிகளின் ஜி.பி.எஸ். டிராக்டர்கள் விதைப்பு நேரத்தில் தடுமாறின. அதே ஆண்டு ஜனவரியில்தான் நம் ஆதித்யா-எல்1 விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் போய் நின்றது. வேகமாக வரும் துகள் கூட்டம் அந்த இடத்தைத் தாண்டி நம்மை அடைய, கால் மணி முதல் ஒரு மணி நேரம்தான் ஆகும்.