‘நான் நானாக இல்லை’ என்று தோன்றுகிறதா?

வேலைக்குப் போகிறோம், பேசுகிறோம், சிரிக்கிறோம். ஆனால் இதையெல்லாம் வேறு யாரோ செய்ய, நாம் தள்ளி நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது. சொந்தக் குரலே அந்நியமாகக் கேட்கிறது. பெற்ற பிள்ளையைத் தூக்கும்போதும் மனம் மரத்துக் கிடக்கிறது. ‘பைத்தியம் பிடிக்கிறதோ’ என்று பயந்து பலர் இதை வெளியே சொல்வதில்லை. சொல்லாமல் அடக்க அடக்க, வீடு நிறைய ஆளிருந்தும் தனிமைதான் கூடுகிறது.

இதற்குப் பெயர் உண்டு

தன்னிடமிருந்தே விலகியதுபோன்ற இந்த உணர்வை மருத்துவர்கள் ‘டிபர்சனலைசேஷன்’ என்கிறார்கள். சுற்றியுள்ள உலகம் நிஜமற்றதாகத் தோன்றினால் அது ‘டிரியலைசேஷன்’. அதிர்ச்சியிலோ தூக்கம் கெட்ட களைப்பிலோ சற்று நேரம் இப்படித் தோன்றி மறைவது பலருக்கும் நேர்வதுதான், அது நோயல்ல. நீங்காமல் நின்றோ திரும்பத் திரும்ப வந்தோ படிப்பையும் வேலையையும் உறவுகளையும் பாதித்தால்தான் அது கோளாறு. 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்குகிறது.

இது மனச்சிதைவு அல்ல. ‘இப்படித் தோன்றுகிறதே தவிர, உண்மை அதுவல்ல’ என்ற தெளிவு இவர்களுக்குக் குலைவதில்லை.

ஏன் வருகிறது?

தாங்க முடியாத பயமோ துயரமோ தாக்கும்போது, மூளை உணர்ச்சிகளை மட்டுப்படுத்தி நம்மைக் காக்கப் பார்க்கிறது. ஆபத்து விலகிய பிறகும் அந்த நிலை தொடர்வதே சிக்கல். சிறுவயதில் பட்ட வசவும் புறக்கணிப்பும், கடும் மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு, கஞ்சாப் பழக்கம் ஆகியவை இதைத் தூண்டலாம். வலிப்பு நோயிலும் தலைக்காயத்துக்குப் பிறகும்கூட இது வரலாம்.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம்?

• பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக் கழுவுங்கள்.
• கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.
• ‘சரியாகிவிட்டதா’ என்று உங்களையே ஓயாமல் சோதிக்காதீர்கள். அந்தக் கவனமே உணர்வை வளர்க்கும்.
• நேரத்துக்குத் தூங்குங்கள். கஞ்சாவும் மதுவும் வேண்டாம்.
• நம்பும் ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வீட்டாருக்கு

‘எல்லாம் உன் கற்பனை’, ‘வேலை இல்லாததால் வரும் யோசனை’ என்று ஒதுக்காதீர்கள். மந்திரிக்க அழைத்துப்போய் நாளைக் கடத்தாதீர்கள். குறுக்கிடாமல் கேட்பதே முதல் உதவி.

எப்போது மருத்துவரிடம்?

சில வாரங்களாக நீடித்தாலும், அன்றாட வேலை தடைபட்டாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். நினைவு தப்புதல், வலிப்பு ஆகியவை இருந்தாலோ 40 வயதுக்கு மேல் முதன்முறையாக வந்தாலோ நரம்பியல் பரிசோதனையும் தேவைப்படலாம். எண்ணங்களைச் சீர்படுத்தும் பேச்சு சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. கூடவே இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்துகள் உண்டு.

இந்தியாவில் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் உதவி கேட்க ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், தனியாகவும் இருக்காதீர்கள். இந்த விலகல் உணர்வு உங்கள் குற்றமல்ல. சிகிச்சை உள்ள சிக்கல். இன்றே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள்.