பிரசவ ரத்தப்போக்கு: கண்ணால் பார்த்துச் சொன்னால் போதுமா? உயிர் காக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பின் கதை

'பிரசவம்னா ரத்தம் போகத்தானே செய்யும்!' வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்போம். தப்பில்லை. ஆனா, எவ்வளவு போனால் இயல்பு, எதற்கு மேல் ஆபத்து? இதைக் கண்டுபிடிப்பதில் தாமதமாகும் நிமிடங்கள்தான் உயிரைப் பறிக்கின்றன. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் ஆண்டுக்கு சுமார் 45,000 பெண்கள் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏன் நிற்காமல் போகிறது?

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு சுமார் அரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்தபடி இருக்கும். கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அவை நெரிபட்டு மூடும். சுருங்காமல் தொளதொளவென்று இருந்துவிட்டால்? மூட மறந்த குழாய் கதைதான். பத்தில் ஏழு பேருக்குக் காரணம் இதுவே. நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்குவது, பிரசவப் பாதையில் கிழிசல், ரத்தம் உறையாத கோளாறு ஆகியவை மற்ற காரணங்கள்.

அளப்பதில் என்ன சிக்கல்?

500 மி.லி. ரத்தம் போனால் ஆபத்து என்பது பழைய கணக்கு. அதாவது ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட். ஆனால் ரத்தம் பாக்கெட்டில் வருவதில்லையே! துணியில் ஊறும், தரையில் பரவும், பனிக்குட நீரோடு கலக்கும். பல இடங்களில் டாக்டரும் நர்ஸும் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அனுபவசாலிகளுக்கே இது தவறிப்போகும்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 'இ-மோட்டிவ்' ஆய்வு, 2023ல் வெளியானது. ஒரு பிரிவு மருத்துவமனைகளில் தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். புனல் மாதிரி இருக்கும். ரத்தம் அதில் சேரும், கோட்டைப் பார்த்தாலே அளவு தெரியும். அவ்வளவுதான், பெரிய மெஷின் எல்லாம் இல்லை! வழக்கமான முறையில் 100ல் 51 பேரின் ரத்தப்போக்கைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. விரிப்பு வைத்த இடங்களில் 93.

கண்டுபிடித்தவுடன் ஒன்றைச் செய்து பார்த்து, சரிவராவிட்டால் அடுத்தது என்று காத்திருக்கவும் இல்லை. வயிற்றின் மேல் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், டிரிப்ஸ், காரணத்தைத் தேடும் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். விளைவு: கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை சிகிச்சை, அதனால் நேரும் மரணம் மூன்றும் சேர்த்து 60% குறைந்தன.

ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஃபிரிட்ஜ் சரியாக ஓடாத இடத்தில் மருந்து வீரியம் இழந்துவிடும். ஊசி போட்டும் பலன் இருக்காது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2025 அக்டோபரில் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வழிகாட்டுதல், 500 மி.லி. வரை காத்திருக்க வேண்டாம் என்கிறது. 300 மி.லி. போயிருந்து, நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ மாறினாலே சிகிச்சையைத் தொடங்கலாம்.

நமக்கு இது முக்கியம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 சதவீதத்தினருக்கு ரத்த சோகை. ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள உடம்பு, ஒரு பால் பாக்கெட் அளவு இழப்பைத் தாங்காது. மாத்திரை வாந்தி வருதுன்னு நிறுத்திட்டேன் என்று சொல்லும் மகளிடமோ மருமகளிடமோ, டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாற்றவாவது சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் இந்த ரத்தப்போக்கு வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக ரத்தம் போனாலோ, தலைசுற்றலோடு உடம்பு சில்லிட்டாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.